ரீபவுண்ட் மட்டும் போதுமா?

கென்டக்கி பல்கலைக்கழக அணிக்காக ஆடி, 2022-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரர் விருதுகளை அள்ளிய ஆஸ்கர் ஷீப்வே, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்) எடுக்கும் திறனைக் கொண்டே அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் நிலைத்துவிடுவார் என்று ஒரு கட்டுரையாளர் எழுதிய கணிப்பை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 15.1 ரீபவுண்ட் எடுத்தவரை என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. கல்லூரி அளவில் கூடையருகே ஆடும் சென்டர் ஒருவருக்கு அவருடைய உயரம் போதும். என்பிஏவிலோ எதிரணியின் வேகமான வெளிப்புற ஆட்டக்காரர்களான கார்டுகள் அவரை மூன்று புள்ளிக் கோடு வரை வெளியே இழுத்து, கால் வேகத்தைச் சோதித்து, கடந்து போய்விடுவார்கள். என்பிஏ அணிகளான இந்தியானாவும் யூட்டாவும் அவருக்கு அளித்தது, என்பிஏவிலும் அதன் துணை லீக்கிலும் மாறிமாறி ஆடும் இருவழி ஒப்பந்தம்தான். அதில் ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டங்களே கிடைக்கும், பட்டத்தை முடிவுசெய்யும் பிளேஆஃபில் ஆடவே முடியாது.

ஆயினும் கதவு அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஷாட் காற்றில் இருக்கும்போதே எதிராளியை இடுப்பால் பின்னுக்குத் தள்ளி இடம்பிடிக்கும் அவருடைய முனைப்பு அபூர்வமானது. மூலையிலிருந்து மூன்று புள்ளி ஷாட்டை நம்பகமாகப் போடப் பழகிவிட்டால், மாற்று ஆட்டக்காரராகச் சில நிமிடங்களாவது தர ஏதேனும் ஓர் அணி முன்வரும் என்றே உறுதியாக நம்புகிறேன்.