அரைச் சிங்களமும் ஏழு பெட்டியும்

கொழும்பில் வேலை செய்கிற தமிழருக்குச் சிங்களம் சுத்தமாகத் தெரியாவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை. விளங்காத சொல்லைத் திருப்பிக் கேட்போம். அரைகுறையாகத் தெரிந்தால்தான் வில்லங்கம். காதுக்குப் பழகின சத்தம் விழுந்தால் யார் திருப்பிக் கேட்கிறார்கள்?

பழைய பகிடிதான்: பெரியவர் உள்ளே இருந்து "என்ன" என்கிறார். சிங்களத்தில் 'வாங்க'. புதுசாகச் சேர்ந்த தமிழ்ப் பொடியன் வாசலில் நின்று "என்ன?" என்கிறான். அவர் இன்னும் சத்தமாக "என்ன, என்ன!" இவன் அசைய மாட்டான்.

இது சிரிப்போடு போய்விடும். "எப்ப?" அப்படிப் போகாது. புறக்கோட்டைக் கடைக்காரர் போனில் "எவன்னத?" (அனுப்பவா?) என்று கேட்க, நாங்கள் வாய்தவறித் தமிழில் "எப்ப?" என்றால், அவருக்கு அது "எபா". வேண்டாம்! நேரில் என்றால் 'ப்' அழுத்தம் கேட்கும், முகமும் தெரியும். போனில் இரண்டும் இல்லை. ஓடர் கென்சல், லொறி வராது.

உண்மையில் காசு போவது எண்களில். ஹதர என்றால் 4, ஹத என்றால் 7. அவசரத்தில் 'ர' விழுங்கப்பட்டால் நாலு பெட்டி ஏழாகும், 4.30 கூட்டம் 7.30 ஆகும். 'நாளைக்கு', 'அறுபது' இரண்டுக்குமான சிங்களச் சொற்களைத் தமிழில் எழுதினால் "ஹெட்ட" என்றுதான் வரும். அவற்றைப் பிரிக்கிற உயிரெழுத்து எங்களிடம் இல்லை. எண்ணிக்கை என்றால் பெரும்பாலும் கடைசியில் ஒரு 'க்' ஒட்டும்: "ஹெட்டக் எவன்ன" என்றால் அறுபது அனுப்பச் சொல்கிறார். 'க்' இல்லாவிட்டால் நாளைக்கு. அதையும் நம்பாதீர்கள். போனை வைத்த கையோடு வட்ஸ்அப்பில் இலக்கத்தில் போடுங்கள்: பெட்டி 7, திகதி, கிழமை, பி.ப. 4.30. அவர் "ஹரி" (சரி) என்று பதில் போடும்வரை சாமானுக்குக் காசு கட்ட வேண்டாம்.

லீவுக் கடிதத்தில் 'தாத்தாவுக்குச் சுகமில்லை' என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கள மேலாளருக்குத் தாத்தா என்றால் அப்பா. பக்கத்து மேசை முஸ்லிம் நண்பருக்கு அக்கா. மலையகத்தவருக்கு அப்பாவின் அல்லது அம்மாவின் அப்பா. ஒரே நோயாளியை மூன்று பேர் மூன்று விதமாக விசாரிப்பார்கள்.

சென்னைக் கிளையோடு பேசும்போது 'தமிழ்தானே' என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. "சேர்வர் அறைத் திறப்பு யாரிடம்?" என்று கேட்டுப் பாருங்கள், ரிப்பன் வெட்ட யாரைக் கூப்பிடலாம் என்று யோசிப்பார்கள். அங்கே அது சாவி.