யார் வாய்ப்புக் கொடுத்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

நகைச்சுவை நடிகர் ஒருவரைப் பேட்டி எடுத்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "உங்களுக்கு முதல் வாய்ப்பு யார் கொடுத்தாங்க?" பதில்களும் நமக்கு மனப்பாடம். நம்ம மதுரைக்காரர் வடிவேலுவுக்கு ராஜ்கிரண், 1991-இல் 'என் ராசாவின் மனசிலே'. நாகேஷ் என்றால் எம்.ஜி.ஆர். பாராட்டிய கதை. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாகேஷ், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்துபோனார். சின்ன வேஷம்தான். விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். அதை மேடையிலேயே பாராட்டினார். இந்தக் கதைகளை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஆனால் காமெடி பண்ணணும் என்று ஆசைப்படுகிற பதினாறு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ இதிலிருந்து என்ன கிடைக்கிறது? யாரோ ஒரு பெரிய மனிதர் கண்ணில் படும்வரை காத்திரு என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த வயதில் வேண்டியது வேறு. அந்த வேலையை ஏற்கெனவே செய்து பிழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, தொழிலைப் பற்றி மட்டும் பேசுவது. வாய்ப்புக் கேட்டு அல்ல, செல்ஃபி எடுக்க அல்ல. "இதை எப்படிப் பண்றீங்க?" என்று கேட்பதற்காக. சின்ன வயதில் நடக்கும் அப்படி ஒரு பேச்சு, பின்னால் கிடைக்கப்போகும் பத்து வாய்ப்புகளைவிடப் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் ஜட் ஆபடோ என்று ஒரு இயக்குநர். 2005-இல் வந்த 'தி 40 இயர் ஓல்ட் வெர்ஜின்' அவர் இயக்கியதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் பள்ளி மாணவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சின்னதாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. அதன் பெயரைச் சொல்லி நகைச்சுவைக் கலைஞர்களின் ஆட்களுக்குப் போன் போட்டுப் பேட்டி கேட்பார். தான் பள்ளிக்கூடத்துப் பையன் என்பதை மட்டும் சொல்லமாட்டார். ஜெர்ரி சைன்ஃபீல்ட், ஜே லெனோ, கேரி ஷாண்ட்லிங் என்று பலரும் அவருக்கு உட்கார்ந்து பதில் சொன்னார்கள். சைன்ஃபீல்டின் பெயரில் அந்தப் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதே 1989-இல்தான். அதற்குச் சில வருடங்கள் முன்பே இந்தப் பையன் எதிரே உட்கார்ந்து, ஜோக்கை எப்படி எழுதுகிறீர்கள், மேடை எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பள்ளி வயதில் பேட்டி எடுத்த அதே ஷாண்ட்லிங்கின் தொலைக்காட்சித் தொடரான 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ'வுக்கு ஆபடோ எழுதினார். 2016-இல் ஷாண்ட்லிங் இறந்தபின் 2018-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அந்தப் பழைய பேட்டிகளில் சிலவற்றை, பின்னாளில் எடுத்த பேட்டிகளோடு சேர்த்து 2015-இல் புத்தகமாகப் போட்டார். அந்தப் பையனுக்கு ஷாண்ட்லிங் அன்று எந்த வாய்ப்பும் கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பதில் உள்ளே கிடந்து வேலை செய்யப் பையனிடம் வருடக்கணக்கில் நேரம் இருந்தது. முப்பத்தைந்து வயதில் கேட்டிருந்தால் அதுவும் ஒரு நல்ல தகவலாகப் போயிருக்கும்.

சரி, அது அமெரிக்கா, நமக்கு எங்கே இதெல்லாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பேச்சையே பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்ட ஒரு கலை மதுரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெஷல் நாடகம்.

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மற்ற தாளங்களும் சத்தங்களும் கொடுப்பவர்) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். இவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. ஒத்திகையும் கிடையாது. அன்றைக்கு யார் யாரோடு நடிக்கிறார்கள் என்பது பல நேரம் மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தபிறகுதான் முழுதாகத் தெரியும். ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடிய விடிய நாடகம். அதில் முதலில் தனியாக வந்து நிற்பவர் பபூன். ஊர் ஜனம் அப்போதுதான் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தை ஒரே ஆள் கைக்குள் கொண்டுவர வேண்டும். அதன்பிறகு டான்ஸ் ஆடும் பெண் வருவார், இருவருக்கும் வாய்ச்சண்டை, பாட்டு, சிரிப்பு.

ஒத்திகையே இல்லாத தொழிலை எப்படிக் கற்றுக்கொள்வது? பார்த்தும் கேட்டும்தான். வேனில் போகும்போது, முகத்துக்குப் பவுடர் போடும்போது, விடிந்தபின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற பேச்சுதான் இவர்களுக்குப் பாடம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, பையன்கள் ஆசிரியரோடு ஒரே வீட்டில் தங்கித்தான் கற்றார்கள். அங்கே பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பிறகு தனிக் குழு வைத்தார்கள், அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பெரிய நடிகர்கள் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கிற வாழ்க்கை அது. கலைவாணரைப் பற்றிப் பேசும்போது அவருடைய பிறவித் திறமையைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சூழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் நன்றாக மிமிக்ரி செய்வார். கல்லூரி விழா என்றால் அவர்தான். அவரை ஒரு திருவிழா நாடகத்துக்குக் கூட்டிப் போய், வயதான பபூன் ஒருவரிடம் உட்கார வைத்தேன். "அண்ணே, வந்து நின்னதும் முதல்ல என்ன ஜோக் சொல்லுவீங்க?" என்று கேட்டார் இவர். பெரியவர் சொன்ன பதில்: "முதல்ல ஜோக்கே சொல்லக் கூடாது தம்பி. உன்னை அவங்களுக்குத் தெரியாது, அவங்களை உனக்குத் தெரியாது. ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு. எந்தப் பக்கத்துல இருந்து சிரிப்பு வருதுன்னு காதை வை. பொம்பளையாளுக பக்கமா, இளவட்டம் பக்கமா? அங்கருந்து ஆரம்பி."

அப்புறம் இன்னொன்று சொன்னார். அசிங்கப்பட்ட கதை எதுவானாலும் அது தனக்கோ தன் கூட்டாளிக்கோ நடந்ததாகத்தான் சொல்ல வேண்டும், உட்கார்ந்திருக்கிற ஜனத்தில் ஒருத்தர் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஒரு ஜோக் விழவில்லை என்றால் அதையே திருப்பிச் சொல்லாமல் ஆர்மோனியக்காரரைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பார், அதில் ஏறிக்கொண்டு போய்விடலாம். இதையெல்லாம் எந்த வகுப்பிலும் என்னால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, எனக்கே தெரியாது. அந்த மாணவர் அடுத்த முறை மேடை ஏறியபோது நடிகர்களின் குரல்களைக் குறைத்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களோடு பேச ஆரம்பித்தார். இன்று கல்யாண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும் நிகழ்ச்சி செய்கிறார். டிவியில் வரவில்லை. ஆனால் அவருக்கென்று ஒரு பாணி இருக்கிறது, அது அந்த ராத்திரியில் ஆரம்பித்தது என்று அவரே சொல்கிறார்.

இப்போது பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைப்பது ஏராளம். வடிவேலு காமெடி மொத்தமும் போனில் இருக்கிறது. 'வெண்ணிலா கபடிக் குழு'வில் ராஜாக்கூர் சூரியின் பரோட்டா காட்சியை வசனம் பிசகாமல் செய்து காட்டுவார்கள். ஆனால் திரையில் இருப்பது தேறி வந்த சரக்கு. அதற்கு முன்னால் எதையெல்லாம் முயன்று தூக்கிப் போட்டார்கள், எங்கே ஒரு நொடி பொறுத்தார்கள், ஏன் பொறுத்தார்கள் என்பது கிளிப்பில் இருக்காது. செய்தவரிடம் கேட்டால்தான் வரும். 2005-இல் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' மாதிரி நிகழ்ச்சிகள் மதுரை முத்து போன்றவர்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நல்ல விஷயம்தான். ஆனாலும் அங்கே நாம் பார்ப்பது மேடையை மட்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கல்லூரி விழாவுக்கு ஒரு நகைச்சுவைக் கலைஞரைக் கூப்பிடுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு கொடுக்கிறோம், "ரெண்டு ஜோக் சொல்லுங்க சார்" என்கிறோம், காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். முப்பது வருடம் மேடையில் நின்ற ஒருவர் நம் வளாகத்துக்குள் வந்து, யாரும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்காமல் திரும்பிப் போகிறார். அந்த அரங்கில் காமெடி மேல் வெறியாக இருக்கிற ஒரு பிள்ளை நிச்சயம் உட்கார்ந்திருக்கும். பொன்னாடையை விட்டுவிட்டு, விழா முடிந்தபின் ஒரு வகுப்பறையில் பத்துப் பிள்ளைகளோடு அவரைப் பேச விட்டால் என்ன குறைந்துவிடும்?

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். நான் சொன்ன பேச்செல்லாம் ராத்திரியில், வேனில், டீக்கடையில் நடப்பது. அங்கே ஒரு பெண் போய் உட்கார்ந்து கேட்க நம் ஊர் விடுவதில்லை. பள்ளத்தூரில் வளர்ந்து நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த மனோரமாவைக் கொண்டாடுகிற நாம், இன்று காமெடி செய்ய நினைக்கிற பெண் யாரிடம் போய்க் கேட்பாள் என்று யோசிக்கவே இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் பபூனுக்கு ஈடுகொடுத்து அத்தனை பேரையும் சிரிக்க வைப்பது டான்ஸ் ஆடும் பெண். அவரை நகைச்சுவைக் கலைஞர் என்று யாரும் அழைப்பதுகூட இல்லை. அவரிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. அதற்குப் பகலில், பாதுகாப்பான இடத்தில், கல்லூரிகள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நாடக சீசன் பங்குனியில் சூடு பிடித்து ஆடியோடு அடங்கும். மற்ற மாதங்களில் வேலை குறைவு, கையில் காசும் குறைவு. மதுரையில் நாடக நடிகர் சங்கமே இருக்கிறது, ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அப்படிக் கூப்பிடும்போது தயவுசெய்து பணம் கொடுத்துக் கூப்பிடுங்கள். வாழ்நாள் அனுபவத்தை ஒரு டீக்கு வாங்கிக்கொள்வது நியாயமில்லை. போகிற பிள்ளைகள் அவர்களுடைய அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த அமெரிக்கப் பையனின் பதிவுகள் முப்பது வருடம் கழித்துப் புத்தகமாக வந்தன. நம் பபூன்கள் வேனில் பேசியதில் ஒரு வரிகூட எங்கும் பதிவாகி நான் பார்த்ததில்லை. மதுரையில் எந்தக் கல்லூரியாவது இதைச் செய்ய முன்வந்தால், ஆட்களைப் பார்த்துப் பேசி அழைத்துவருவது என் பொறுப்பு. இன்பாக்ஸில் எழுதுங்கள்.