வீட்டில் பேசுவது தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள்

அமெரிக்காவில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும்போது தரும் காகிதக் கட்டில் ஒரு சின்னப் படிவம் இருக்கும். ஹோம் லாங்குவேஜ் சர்வே. கலிஃபோர்னியாவில் அதில் நான்கே கேள்விகள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, பெற்றோர் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது. நம்மவர்களில் பலர் நான்குக்கும் இங்கிலீஷ் என்று எழுதிவிடுகிறார்கள். "தமிழ்னு போட்டா ஈ.எஸ்.எல்.ல தள்ளிடுவாங்க, அப்புறம் வெளியே வரவே முடியாது" என்ற பேச்சுதான் காரணம். ஈ.எஸ்.எல். என்பது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் தனி ஆங்கில உதவி. அப்படி எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைக்குச் சட்டம் வாங்கித் தந்த உதவியை நாமே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிறோம்.

தமிழ் என்று எழுதியதும் பிள்ளை நேராக ஈ.எஸ்.எல். வகுப்புக்குப் போவதில்லை. முதலில் ஸ்கிரீனர் என்ற சிறு தேர்வு நடக்கும். கலிஃபோர்னியாவில் முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு வேறு மொழியைப் பதிலாகத் தந்தாலே தேர்வு உண்டு; சேர்ந்த 30 நாட்களுக்குள் நடத்த வேண்டும். ஆங்கிலம் போதுமான அளவு தெரிந்த பிள்ளை அதில் தேறிவிட்டால் விஷயம் அன்றோடு முடிந்தது. தேறாவிட்டால்தான் ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று வகைப்படுத்தி உதவி தருவார்கள். சென்னையில் நல்ல ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பலர் அப்படித் தேறிவிடுவார்கள்.

சிக்கல் வருவது கிண்டர்கார்டனில்தான். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது. தெரிந்ததையும் சொல்லாமல் தலையாட்டும். பேச்சுப் பகுதியில் பேசாத பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே தேர்வு எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் அனுப்பாதீர்கள். "ஒரு டீச்சர் படம் காட்டிக் கேப்பாங்க, சத்தமா பதில் சொல்லு" என்று முந்தின இரவே சொல்லி வையுங்கள். தேர்வு முடிந்த பிறகு படிவத்தைத் திருத்திக் கொடுத்தாலும் கலிஃபோர்னியாவில் வகைப்பாடு மாறாது.

இந்த உதவி யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது, மொழி புரியாத பிள்ளைக்கு அந்தப் படிப்பே எட்டாமல் போகிறது என்பது அதன் சாரம். அதற்கு அடிப்படை 1964 சிவில் உரிமைச் சட்டம். 1981இல் டெக்சஸிலிருந்து போன காஸ்டனேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வைத்தது. பள்ளியின் திட்டம் சரியான கல்விக் கோட்பாட்டில் நிற்கிறதா, அதை நடத்தப் போதிய ஆளும் பொருளும் கொடுத்திருக்கிறார்களா, பலன் தராவிட்டால் மாற்றுகிறார்களா. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், இந்தப் பாதுகாப்பில் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், அவர்களுடைய மொழி தெரிந்த ஆசிரியர் பள்ளியில் இருக்க மாட்டார். கேட்க வேண்டியதைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

உதவி எந்த வடிவில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். சில பள்ளிகளில் ஈ.எஸ்.எல். ஆசிரியர் வகுப்புக்குள்ளேயே வந்து உதவுவார். சில இடங்களில் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் 30 அல்லது 45 நிமிடம் சொல்லித் தருவார்கள். கூட்டிப்போவதில் தவறில்லை, எந்தப் பாடத்தின் நேரத்தில் கூட்டிப்போகிறார்கள் என்பதில்தான் தவறு நடக்கிறது. தினமும் அறிவியல் நேரத்தில் போனால் வருடக் கடைசியில் ஆங்கிலம் கொஞ்சம் ஏறியிருக்கும், அறிவியலில் ஓட்டை விழுந்திருக்கும். பிறகு அந்த ஓட்டையையும் மொழிக் குறை என்று எழுதுவார்கள்.

விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசுகிறானே என்று ஏமாறவும் கூடாது. அன்றாடப் பேச்சு ஓரிரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்பது ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது. கணக்கில் இது பளிச்சென்று தெரியும். "ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்" என்றால் நம் பிள்ளை 5 − 12 என்று எழுதும். தமிழில் "12ஐ விட 5 குறைவு" என்று 12தான் முன்னால் வரும், ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். அவனுக்குக் கழித்தல் நன்றாகவே தெரியும், வாக்கியம்தான் பிடிபடவில்லை. ஆங்கிலத்தின் "ஏ", "தி" விடுபட்டுப் போவதும் இப்படித்தான், தமிழில் அவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. திசையைச் சொல்லும் வெஸ்ட்டும் உடுப்பைச் சொல்லும் வெஸ்ட்டும் தமிழ்க் காதுக்கு ஒன்றுதான். இதையெல்லாம் பேச்சுக் குறைபாடு என்று எண்ணிச் சிறப்புக் கல்விக்குப் பரிந்துரைப்பது நடக்கிறது. அப்படி ஒரு பேச்சு வந்தால் பள்ளிக்குச் சொல்ல வேண்டிய தகவல் உங்களிடம்தான் இருக்கிறது. தமிழில் எந்த வயதில் பேசத் தொடங்கினான், கதையைக் கோவையாகச் சொல்கிறானா, ஃபோனில் பேசினால் பாட்டிக்குப் புரிகிறதா. தமிழிலும் தடுமாற்றம் இருந்தால் தாமதிக்காமல் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள்.

புதிதாக வந்த பிள்ளை முதல் சில மாதம் வகுப்பில் பேசாமலே இருக்கலாம். அது கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் காலம். அதட்டிப் பேச வைக்காதீர்கள்.

அடுத்தது, வெளியே வரும் வழி. ஒவ்வொரு வருடமும் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பிரிவில் தேர்வு உண்டு. கலிஃபோர்னியாவில் எல்பேக், டெக்சஸில் டெல்பாஸ், நியூஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் வைடா ஆக்சஸ். வைடாவின் மொத்த மதிப்பெண்ணில் வாசிப்புக்கு 35 விழுக்காடு, எழுத்துக்கு 35, கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தலா 15. நன்றாகப் பேசும் பிள்ளை ஆறேழு வருடம் தேங்கி நிற்பது எழுத்தில்தான். மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள். நான்கு எண்களையும் பாருங்கள், எது தாழ்ந்திருக்கிறதோ அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பேச்சுத் தேர்வில் "எஸ்", "டாக்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் நிலை ஏறாது. வைடாவை ஹெட்செட் மாட்டிக் கணினி முன் எழுதும் பிள்ளைகளிடம் இந்தத் தவறு அதிகம். முழு வாக்கியமாகச் சொல்லி "பிகாஸ்" போட்டுக் காரணமும் சொல்லும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டில் தமிழிலேயே கொண்டுவரலாம். "ஏன் அப்படிச் சொல்ற?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாலே போதும்.

உதவி வேண்டாம் என்று மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மறுத்தால் ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற அடையாளம் போய்விடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: போகாது. தேறி வெளியே வரும்வரை வருடாந்திரத் தேர்வும் தொடரும். நீங்கள் மறுத்த அந்தத் தனி உதவி மட்டும்தான் நிற்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று யாரோ சொன்னதை நம்பி அம்மாவும் அப்பாவும் தங்களுக்கே முழுதாக வராத மொழிக்கு மாறிவிடுவது. பேச்சு "சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா" அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஈரத்துணி ஏன் காய்கிறது என்று தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு "இவாப்பரேஷன்" என்பது ஒரு புதுச் சொல் மட்டுமே. அது புரியாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, பொருளும் புதிது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்த பிள்ளைக்குத் தரும், கலிஃபோர்னியாவில் தொடங்கிய இருமொழித் தேர்ச்சி முத்திரை இன்று பல மாநிலங்களில் பள்ளிப் பட்டயத்தோடு வருகிறது. தமிழை விட்டுவிடாத பிள்ளை அதற்கும் முயலலாம்.

உங்கள் பிள்ளை இந்த உதவிக்கு உரியவர் என்றால், பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் உங்களுக்கு ஒரு கடிதம் வர வேண்டும். பிள்ளையின் நிலை, தரப்படும் உதவி, வெளியே வருவதற்கான விதி, மறுக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கும். இந்த வருடக் கடிதம் பையின் அடியில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். வரவில்லை என்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள், பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் பேசாதீர்கள்.