கல்யாணத்துக்குப் பிறகும் டிகிரி சேரலாம்

"கல்யாணமாகி முப்பதைத் தாண்டிய பெண்கள் டிகிரி சேர முடியாது" என்று ஒரு சார் எழுதியிருக்கிறார். பலர் பகிர்வதால் சொல்கிறேன், அது சரியல்ல சார். நம் டெல்லியிலேயே, மைதான் கடியில் உள்ள இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்; வீட்டிலிருந்தே தொலைநிலையில் படிக்கலாம்) பி.ஏ. சேர பிளஸ் டூ போதும். வயது வரம்பு கிடையாது. மூன்றாண்டுப் படிப்பை 6 ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வருஷத்தில் பரீட்சையைத் தள்ளிப்போட்டாலும் சேர்ந்த இடம் போய்விடாது. மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இப்படித்தான் படிக்கிறார். பரீட்சை சமயத்தில் சமையல், பிள்ளைகள் எல்லாம் அவர் கணவர் பொறுப்பு. படிக்கச் சொல்லித் தூண்டியதே அந்தக் கணவர்தான்; எனக்கு அந்தத் தம்பதி மேல் பெரிய மரியாதை. சந்தேகமிருந்தால் இக்னோ இணையதளத்தில் சேர்க்கைக் கையேட்டை இறக்கி, பி.ஏ. பக்கத்தில் தகுதியையும் கால அளவையும் பாருங்கள். கையேட்டை இறக்கக் கட்டணம் எதுவும் இல்லை.