ரெண்டு மீட்டர் துணிக்கு ஜாதகமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் தலையணை உறைக்கு ரெண்டு மீட்டர் துணி எடுக்கப் போனேன். முன்னெல்லாம் அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததுமே, "அம்மாவுக்கு முட்டுவலி தேவலையாப்பா?"ம்பாரு. இப்ப கல்லாவுல இருக்க பையன் நிமிரவே இல்ல. "நம்பர் சொல்லுங்கண்ணே." சொன்னேன். ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. "எல்லாம் கிளவுட்லண்ணே, நெட் வந்தாத்தான் பில்லு." துணி கையில, காசு கையில, கணக்கு மட்டும் எங்கேயோ!

அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் ஆளு. வீட்டம்மா என்னிக்கோ என் நம்பரைக் குடுத்துட்டா, அதனால நான் அங்கே 'மேடம்'. கல்யாண நாள் வேற கேக்குறான். தேவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு 2023லயே சட்டம் போட்டாச்சேப்பான்னா, "ஸ்டார் போட்ட கட்டம்ணே, நிரப்பாம நகராது"ங்கிறான்.

படி இறங்கல, மெசேஜ்: "டியர் மேடம், உங்களை ரொம்ப நாளாக் காணோமே!"