குவில்டுக்கு நேர்த்தையலே போதும்

தங்கச்சி, "நூறு தையல் வகை உள்ள கம்ப்யூட்டர் மெஷின் இல்லாமல் குவில்ட் தைக்க முடியாது" என்று ஒருவர் சொன்னது சரியில்லை. குவில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பஞ்சு அடுக்கும் அடியில் இன்னொரு துணியும் வைத்துத் தைக்கும் போர்வைதானே. அந்தத் துண்டுகளை இணைக்க கால் அங்குல விளிம்பு விட்டு ஓடும் நேர்த்தையல் போதும். அம்மம்மாவின் மிதி மெஷினே அதைச் செய்யும்.

பார்க்க வேண்டியது வேறு. ஊசிக்கு வலப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது? சுருட்டிய குவில்ட் அதற்குள் நுழைய வேண்டும். அப்புறம், மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' பொருந்துமா? இல்லாவிட்டால் மேல்துணி சுருங்கும். பூவேலை போல வளைத்துத் தைக்க ஆசையென்றால் துணியை இழுக்கும் பற்களை இறக்க வசதி வேண்டும். ஊசி 90/14 அளவில் போடுங்கள்.

கனடாவிலிருந்து மாமி அனுப்பும் மெஷின் என்றால் கவனம்: அது 120 வோல்ட், கொழும்பில் 230. அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும்.