காப்புரிமை கட்டிப்போடுவது கடைக்காரரை மட்டும்தான்
'காப்புரிமை பெற்ற வெற்றுச் சாவி (இன்னும் பள்ளம் வெட்டாத சாவி) இருந்தால் நகல் எடுக்கவே முடியாது' என்று பூட்டுச் சாவி பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. காப்புரிமை நடைமுறையில் கட்டிப்போடுவது வெற்றுச் சாவியைச் செய்து விற்பவரை. அதுவும் 20 ஆண்டுகளுக்குத்தான். வீட்டில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவருக்கு வெற்றுச் சாவியே வேண்டாமே! 2013இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர், ஷ்லேஜ் நிறுவனத்தின் உயர்பாதுகாப்புச் சாவியான பிரைமஸை அப்படித்தான் அச்சடித்துக் காட்டினார்கள். எங்கள் தெருமுனையில் சாவி போடுபவரோ, 'நகல் எடுக்காதே' என்று பொறித்த சாவியைக் கொடுத்தாலும் அந்த எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அரத்தால் ராவிக் கொடுத்துவிடுவார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், சாவியின் பள்ளங்களை இன்னும் சிக்கலாக்கினால் போதும் என்கிறார். கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் கேமராவுக்கும் தெரியும். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் பயணிகளின் பெட்டிப் பூட்டுகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014இல் ஒரு நாளிதழில் வந்தது. அடுத்த ஆண்டே அவற்றை அச்சடிக்கும் கோப்புகள் இணையத்தில் கிடைத்தன. ஆஸ்திரியாவின் எவ்வா என்ற பூட்டு நிறுவனம் எம்சிஎஸ் என்ற தன் சாவியில் வேறு வழி பிடித்தது. சாவியின் உடம்பிலேயே 4 காந்தங்கள்; அவற்றின் திசைக்கு ஏற்றபடி பூட்டுக்குள் இருக்கும் காந்தச் சுழலிகள் திரும்பி நின்றால்தான் திறக்கும். காந்தத்தின் திசை எந்தப் படத்திலும் விழாது. சரி, விலையைக் கேட்டால் நம்மூர் வீட்டு ஓனர் யாரும் வாங்கி மாட்டமாட்டார், அது வேறு விஷயம்.